ஊசிக் காது தெரிகிறது, எருமை தெரியவில்லை

அப்பா ஒரு எருமையை இடித்துவிட்டார்.

எருமை அப்பாவை இடிக்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள் — அப்பாதான் எருமையை இடித்தார். ஸ்கூட்டரில். பட்டப்பகலில். திருமுல்கேரியில், ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஈ காக்கா இல்லாத நேரத்தில்.

பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். இடது பக்கச் சந்திலிருந்து அது ஆடி அசைந்து வந்தது. நான் பார்த்தேன். எருமையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு பீரோவுக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி வருகிறது! அப்பா பிரேக் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. இப்போது போடுவார்... இப்போது...

தொப்.

எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஹெட்லைட் உடைந்தது. எருமைக்காரர் ஓடி வந்து கத்தினார். "க்யா சாச்சா! இத்தீ படீ பைன்ஸ் நஜர் நை ஆரீ?" இவ்வளவு பெரிய எருமை கண்ணுக்குத் தெரியலையா என்று கேட்டார். நியாயமான கேள்விதானே?

அப்பா பேண்ட்டைத் தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, நீ தட்டலையே?"

"எதைத் தட்டணும்?"

"தோளைத்தான். உங்கம்மாவா இருந்தா தட்டியிருப்பா."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எருமைக்காரர் பயந்துவிட்டார். தான் கத்தியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ரோ நக்கோ பேட்டி, நக்கோ... பைன்ஸுக்கு குச் நை ஹுவா" என்று சமாதானப்படுத்தினார். அழாதேம்மா, எருமைக்கு ஒண்ணும் ஆகலை!

அதைக் கேட்டு இன்னும் அழுதேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ரோஸி. திருமுல்கேரியில் ஜாக்கெட் தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. நான் எழுதுவதில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தப் பத்திரிகை ஆபீஸில் ஒருவர் இருக்கிறார். அழுகையைத் திருத்த ஆள் இல்லை. அம்மா இறந்துபோனபோது சில வாரம் நான் எழுதவில்லை. அந்த இடத்தில் யாரோ ரசப்பொடி செய்வது எப்படி என்று எழுதினார்கள். நன்றாகவே இருந்தது. அம்மா ரசம் மாதிரி வராது, ஆனாலும் நன்றாக இருந்தது.

அம்மா பெயர் லூர்து. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். அப்பா ஆட்டோ பிடித்து வருவதற்குள் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

அப்பா ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஆற்காடு பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே, உருதுவும் தெலுங்கும் பேசுகிற இந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். கை சுத்தம், வேலை சுத்தம், ஆள் நிதானம். அப்படிப்பட்டவர், அம்மா போனதும் ஆளே மாறிப்போனார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். நான் பக்கத்தில் டீயோடு நிற்பேன், திரும்பவே மாட்டார். பூனையின் வாலை மிதித்தார். பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்கா கேட்டிலிருந்து கை ஆட்டினால் கண்டுகொள்ளாமல் போவார்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "விடுடி. பொண்டாட்டி போன ஆம்பளைக்கு எதிர்ல யாரு நிக்கறாங்கன்னா தெரியும்?" என்றாள்.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். துக்கம். நானும் அதைத்தான் நம்பினேன். துக்கம் வந்த வீட்டில் இது ஒரு வசதி பாருங்கள் — பால் பொங்கினாலும் துக்கம், பனியன் உள்வெளியாகப் போட்டாலும் துக்கம். எதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

அண்ணன் டேவிட் மட்டும் லேசாகச் சந்தேகப்பட்டான். அவன் பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான், லீவு நாளில் வருவான். எருமை விஷயம் கேட்டதும் நேராக வந்துவிட்டான்.

"அப்பா, வண்டிய வித்துடலாம்பா. கண்ணு டெஸ்ட் பண்ணிக்க."

"என் கண்ணுக்கு இன்னாடா? ரோஸி, அந்த ஊசிய எடு."

என் மிஷின் டப்பாவில் இருப்பதிலேயே சின்ன ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குக் கிட்டப்பார்வை. சின்ன வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி. ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார் என்றால்... ஒரே குத்து. நூல் அந்தப் பக்கம் வந்துவிடும். வந்தது.

"பாத்தியா? இப்போ நீ போடு பாக்கலாம்."

அண்ணன் நூலை எச்சில் பண்ணினான். ஒற்றைக் கண்ணை மூடினான். ஜன்னல் பக்கம் போனான். நூல் போகவே இல்லை. அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்துவிட்டு, ஊசியை வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான்.

ஊசியின் காது தெரிகிறவருக்கு எருமை தெரியாதா என்ன? கேஸ் முடிந்தது. துக்கம்தான்!

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். தட்டப் பழகினேன்.

அம்மா எப்படித் தட்டுவாள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் அவள் கை அப்பாவின் இடது தோளுக்குப் போய்விடும். ஏதாவது குறுக்கே வந்தால் தட்டுவாள். நிற்க வேண்டும் என்றால் அழுத்துவாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அண்ணன் அவளுக்கு 'ரிமோட்' என்று பெயரே வைத்திருந்தான். "ரிமோட் இல்லாம டிவி ஓடாதும்மா" என்பான். "போடா பேமானி, உங்கப்பன் ரோட்டப் பாத்தா ஓட்டறாரு?" என்பாள் அம்மா. நாங்களும் சிரிப்போம், அப்பாவும் சிரிப்பார். அதிகாரம் பண்ணுகிற அம்மாக்கள் எல்லா வீட்டிலும் உண்டுதானே?

அந்தக் கையை நான் எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டுக்குப் போகும்போது தட்டினேன். கோயிலுக்குப் போகும்போது தட்டினேன். நடக்கும்போதும் இடது பக்கம் நடந்தேன். அப்பா பழையபடி சரியாகிவிட்டார். எதையும் இடிக்கவில்லை. பூனை கூட நிம்மதியாகத் தூங்கியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது... அம்மா இடத்தை நிரப்பிவிட்டேன் என்று.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கோயில் ஹாலில் கண் முகாம் போட்டார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் இலவசக் கண்ணாடிக்கு வரிசையில் நின்றோம். அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. 'எருமையையா இடிச்சீங்க?' என்று ஹெட்லைட் மாற்றிய கடைக்காரர் கிண்டலடித்ததை ஞாபகப்படுத்தித்தான் இழுத்துப் போனேன்.

எழுத்து போர்டு டெஸ்டில் அப்பா கண்ணாடியோடு கடைசி வரி வரைக்கும் படித்தார். கீழே பிரிண்ட் அடித்தவன் பெயரையும் சேர்த்துப் படித்தார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார் — 'எப்படி?' என்கிற மாதிரி.

அடுத்து டாக்டரம்மா கண்ணில் ஏதோ வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல பிரஷர் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

"பி.பி. மாத்திரை போட்டுகினுதான் வந்தேன் மேடம்."

"அந்த பிரஷர் வேற, இது வேற. நீங்க அந்த லேப்டாப் டேபிளுக்குப் போங்க. புதுசா ஒரு டெஸ்ட் பண்றாங்க."

ஹால் மூலையில், மேரி மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு டேபிள். அங்கே ஒரு பெண். பெயர் அபர்ணா. தார்நாகாவில் ஒரு லேபில் ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். அவள் வீட்டில் தமிழ்தான், ஆனால் படிப்பெல்லாம் இங்கே. நாம் பேசினால் எல்லாம் புரிகிறது. பதில்தான் கதம்பமாக வருகிறது.

"அங்கிள், இது எக்ஸாம் இல்ல. கேம் மாதிரி. சென்டர்ல டாட் சூடண்டி... ஸாரி, பாருங்க. கண்ண நகத்தவே கூடாது. சுத்தி லைன்ஸ் இருக்கு இல்லையா? ஏதாவது ஒண்ணு மூவ் ஆச்சுன்னா கிளிக் பண்ணுங்க. மூவ் ஆகலன்னா நக்கோ."

நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் கலர் திரை. அதில் வெள்ளைக் கோடுகள், சின்னச் சின்னதாக. நாங்கள் துணியில் ஓட்டுத் தையல் போட்டு வைக்கிற மாதிரியே இருந்தது. திடீரென்று ஏதாவது ஒரு தையல் மட்டும் லேசாக ஆடும், நிற்கும். பிறகு வேறு எங்கேயோ ஒன்று ஆடும்.

"எழுத்தே இல்லையேம்மா?" என்றார் அப்பா ஏமாற்றத்தோடு. நன்றாகப் படிக்கிற பையனுக்கு டிராயிங் பரீட்சை வைத்தது போல ஆகிவிட்டது அவருக்கு.

வலது கண்ணில் முதலில் பார்த்தார்கள். கொஞ்சம் அங்கங்கே விட்டார். பரவாயில்லை என்றாள் அபர்ணா. பிறகு வலது கண்ணை மறைத்து இடது கண். நான் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? இடது பக்கம்.

அப்பா அசத்தினார். கோடு ஆடுகிறது, கிளிக். ஆடுகிறது, கிளிக். ஒன்றையும் விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிந்ததும் அபர்ணா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க எல்லாமே பிடிச்சிட்டீங்க. சூப்பர். பட்... எல்லாமே கொஞ்சம் லேட். எல்லாமே ஒரே மாதிரி லேட். ஏன்னு தெரியல."

"வயசு ஆவுதுல்லம்மா."

"அப்படி இல்ல அங்கிள், வலது கண்ணுல லேட் ஆகல..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், என் கையைப் பார்த்தாள்.

என் கை அப்பாவின் இடது தோளில் இருந்தது.

நான் தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோடு ஆடும்போதும் என் விரல் தட்டியிருக்கிறது. சத்தியமாக எனக்கே தெரியாது. அப்பாவைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கோட்டைப் பார்த்துத்தான் கிளிக் பண்ணினேன் என்றார், மாதா மேல் ஆணையாக. ஆனால் கோட்டைப் பார்த்தது என் கண், சொன்னது என் விரல், கிளிக் பண்ணியது அவர் விரல்!

அபர்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா! காப்பி அடிக்க விடறீங்களா?"

நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் தூரமா போய் நில்லுங்க, ப்ளீஸ். இன்னொரு வாட்டி பண்ணலாம்."

போனேன். ஹால் வாசல் வரைக்கும் போய்க் கதவில் சாய்ந்து நின்றேன். நடுவில் எத்தனையோ பேர், கண்ணாடி மாட்டிப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனாலும் அங்கிருந்தே எனக்குத் திரை தெரிந்தது.

மேலே ஒரு கோடு ஆடியது. அப்பா விரல் சும்மா இருந்தது.

இடது ஓரம் ஒன்று ஆடியது. சும்மா இருந்தது.

கீழே. ஓரத்தில். மறுபடி மேலே. அப்பா முதுகை நேராக வைத்துக்கொண்டு, மௌஸைப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஹால் தூரத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. மூக்குக்கு எதிரே இருக்கிற அவருக்குத் தெரியவில்லை. எப்போதாவது, புள்ளிக்கு ஒட்டினாற்போல் ஒரு கோடு ஆடினால் மட்டும் டக்கென்று கிளிக்.

எனக்குக் கை பரபரத்தது. ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அப்பா கேட்டார். நல்ல சத்தமாக, மரியாதையாக.

"இன்னும் ஆரம்பிக்கலையா பாப்பா?"

அபர்ணா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

டெஸ்ட் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். கறுப்புத் துணியில் ஒரு பட்டன் ஓட்டை வெட்டிய மாதிரி இருந்தது. நடுவில் மட்டும் வெளிச்சம். சுற்றிலும் இருட்டு. அதுதான் அப்பாவின் இடது கண். வலது கண்ணில் மூக்குப் பக்கம் ஒரு மூலை கறுக்கத் தொடங்கியிருந்தது.

"இது கிளாகோமாவா இருக்கலாம் அக்கா. கண்ணுல பிரஷர் ஏறி, பின்னாடி இருக்கற நரம்ப கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துடும். வலிக்காது. இருட்டாவும் தெரியாது. காணாமப் போன இடத்த மூளையே இட்டுக்கட்டி நிரப்பிடும். அதான் யாருக்கும் தெரியறதில்ல. இந்த டெஸ்ட் மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில ஃபுல்லா பாக்கணும். பட் லேட் பண்ணாதீங்க. போன பார்வை வராது. இருக்கறத மருந்து போட்டு காப்பாத்தலாம்."

"போர்டுல எல்லா எழுத்தும் படிச்சேனேம்மா" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது நடுப் பார்வை அங்கிள். அது உங்க ஆபீஸர் மாதிரி. படிக்கும், கையெழுத்து போடும். ஓரத்துப் பார்வை, கேட்ல காவல் நிக்கற சென்ட்ரி மாதிரி. அவனுக்குப் படிக்கத் தெரிய வேணாம். யாரோ அசையறாங்கன்னு சொன்னா போதும். போர்டு டெஸ்டுல ஆபீஸர மட்டும்தான் கேக்கறோம். நாங்க இந்த டெஸ்டுல சென்ட்ரிய கேக்கறோம்."

வேலைக் காலம் முழுக்க ராணுவ கேட்டுக்குள் போய் வந்த மனிதரிடம் இதை வேறு எப்படிச் சொல்ல முடியும்? அப்பா கொஞ்ச நேரம் மேரி மாதாவைப் பார்த்தார்.

"அப்போ என் கேட்ல சென்ட்ரி தூங்கிட்டான்."

"ஆமா அங்கிள்."

"எப்போலருந்து?"

"பல வருஷமா இருக்கும்."

பல வருஷமா! அப்படியானால் இத்தனை வருஷம் இவர் எப்படி ஒரு எருமையைக் கூட இடிக்காமல் இருந்தார்?

அதற்குப் பதில் எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. வண்டியை ஹால் வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். ஆட்டோவில் அவர் என் வலது பக்கம் உட்கார்ந்தார், நான் இடது பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து வைத்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியலப்பா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா. ஒரு விஷயம் அவ வயித்துல தங்காது. ஊர் பூரா சொல்லிட்டு அப்புறம்தான் எனக்கே சொல்லுவா."

உண்மைதான். அம்மா ரகசியம் வைத்துக்கொள்ளும் ரகமே இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் அவர் எதையோ கவனிக்கவில்லை, தட்டினாள். இன்னொரு நாள், தட்டினாள். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளர் வலது பக்கம் போனது. கோயில் பெஞ்சில் இவள் இடது பக்கம் போனாள். அவர் பார்வை ஒரு அங்குலம் குறையக் குறைய, இவள் ஒரு அங்குலம் நெருங்கி வந்திருக்கிறாள். அதுவும் கல்யாண போட்டோவிலேயே பெண்டாட்டி இடது பக்கம்தானே நிற்கிறாள்? யாருக்குச் சந்தேகம் வரும்? நோயைக் கண்டுபிடித்தது அவள் கை. கை, வாய்க்குச் சொல்லவே இல்லை.

அம்மா இருந்த வரைக்கும் அப்பாவுக்குக் கண் தெரிந்தது. அவள் போனதும் அதுவும் போய்விட்டது. நாங்கள் அதைத் துக்கம் என்று சொன்னோம்... ஒரு விதத்தில் தப்பும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். அபர்ணா சொன்னதுதான். ராத்திரி ராத்திரி சொட்டு மருந்து, வாழ்நாள் முழுக்க. வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் பிள்ளைகளும் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும், இது குடும்பத்தில் வரக்கூடியது. டேவிட் அண்ணனைக் காதைப் பிடித்து இழுத்துப் போனேன். "எனக்குக் கழுகுக் கண்ணுடி" என்றான். "ஹவ், ஆமா, ஊசியில பாத்தோமே" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

சொட்டு மருந்துக்கு அப்பா பழகிவிட்டார். வண்டி விஷயம்தான்...

ஹாலிலிருந்து அண்ணன் ஓட்டி வந்து விட்ட ஸ்கூட்டர் வாசலில் நின்றது. தினமும் துடைப்பார். சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவார். போன ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குக் கிளம்புகிற நேரம். நான் பூவோடு வெளியே வந்தால் — அப்பா வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்.

"ஏறும்மா. வெயில் ஏறுது."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மெதுவா போலாம். நீதான் தட்டுவியே."

எனக்கு ஏற ஆசைதான். நிஜமாகச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்து, கையை அந்தத் தோளில் வைத்தால் போதும். அவருக்கு வண்டி இருக்கும், எனக்கு அம்மா வேலை இருக்கும், எல்லாம் பழையபடி இருக்கும். அடுத்த எருமை வருகிற வரைக்கும். எருமையாவது பரவாயில்லை, பெரியது. ஸ்கூல் பிள்ளை வந்தால்?

நான் ஏறவில்லை. இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். அப்பாவுக்கு இடது பக்கம்.

"ரோஸி? எங்கடி போன?"

"இங்கதான்பா நிக்கறேன்."

அப்பா தலையை முழுக்கத் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்கம்மாவா இருந்தா ஏறியிருப்பா."

"ஹவ்பா, ஏறியிருப்பா. அதனாலதான் இத்தனி வருஷம் நமக்குத் தெரியல."

சொன்ன பிறகுதான் அம்மாவைக் குறை சொல்லிவிட்டேனோ என்று பயம் வந்தது. அப்பா எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் ஹேண்டில் பாரைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை — அப்படியே பின் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நீ ஓட்டு."

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. எப்போதோ எடுத்தது. இவர்தான் வண்டியைத் தொட விட்டதில்லை!

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், எப்போதும் ஒரே பக்கம் நடப்பவர். டம்ளரை நகர்த்தி வைப்பவர், தட்டுபவர், "பாத்து பாத்து" என்பவர். அவரைக் கிண்டல் பண்ணாதீர்கள். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிப் பாருங்கள். நெருங்கி நிற்கிற அன்பு எதையெல்லாம் மறைக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பிறகு கண் டாக்டரிடம் போய், ஆபீஸரோடு சென்ட்ரியையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்டில் எழுத்து படித்தாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அன்றைக்குக் கல்லறைக்கு நான்தான் ஓட்டிப் போனேன். கன்டோன்மென்ட் மரங்களுக்குக் கீழே வரும்போது, என் இடது தோளில் ஒரு தட்டு.

பிரேக் போட்டுவிட்டேன். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். ரோடு காலி. எருமை இல்லை, நாய் கூட இல்லை.

"இன்னாப்பா? இன்னா வருது?"

"ஒண்ணும் வரல. சும்மா."

அம்மா தட்டியதில் பாதியும் அந்தச் 'சும்மா'வாகத்தான் இருந்திருக்கும்.